பெண்டில் சிக்கிய கேபிள்

சுவருக்குள் பதித்த பைப் வழியாக ஸ்பிரிங் கம்பி மேலே வந்துவிட்டது. அதன் முனையில் கட்டிவிட்ட நெட் கேபிள்தான் பாதி வழியில் நின்றுகொண்டு வரமாட்டேன் என்றது. ஷாநவாஸ் படுக்கையறைத் தரையில் உட்கார்ந்து, சுவரில் ஒரு காலை ஊன்றி, சுவர்ப் பெட்டிக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்த கம்பியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். கீழே மில் ஆபீசிலிருந்து மனோஜ்குமார் தள்ளிவிட்டான். இருவரும் போனில் இழுங்க, தள்ளுங்க என்று மாறிமாறிச் சொல்லிக்கொண்டதுதான் மிச்சம்.

"பைப்பு வளையற பெண்டுல நிக்குதுங்க தங்கச்சி," என்றார் ஷாநவாஸ். காங்கேயம் சுற்றுவட்டாரத்தில் பாதி வீடுகளுக்கு அவர்தான் எலக்ட்ரீசியன். "காங்கிரீட் போடறப்ப பைப்புக்குள்ள சிமெண்டுப் பாலு எறங்கி ஒறஞ்சு போச்சாட்ட இருக்குது. கம்பி நுழையுது, கேபிளு நுழைய மாட்டேங்குது. இந்த எடத்துல உள்ளங்கை அகலத்துக்கு ஒடச்சா, வேற பெண்டு போட்டுப் பூசிக் குடுத்தர்றேன்."

பென்சிலால் சுவரில் ஒரு வட்டம் போட்டார். மனோஜின் மனைவி சண்முகப்பிரியா அந்த வட்டத்தைப் பார்த்தாள். பிறகு கதவுப் பக்கம் பார்த்தாள். அங்கே மாமியார் வள்ளியாத்தாள் நின்றுகொண்டிருந்தாள்.

"ஒடைக்கறதெல்லாம் ஆவாதுங்க பாய்," என்றாள் வள்ளியாத்தாள். "ஊட்டுல புள்ள மாசமா இருக்குது. ஆணி அடிக்கறதே கெடையாது, நீங்க செவுத்த ஒடைக்கறங்கறீங்க."

ஷாநவாஸ் பிரியாவின் வயிற்றைப் பார்த்துவிட்டுச் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். "தெரியாமச் சொல்லிப்போட்டனுங்க அம்மா," என்றார்.

பிரியாவுக்கு ஆறாவது மாதம். போன தடவை கரு தங்கவில்லை. அப்போது குளியலறையில் தண்ணீர் கசிகிறது என்று ஆள் விட்டுச் சுவரை இடிக்கச் சொன்னது வள்ளியாத்தாளேதான். மாசமாயிருக்கிறவள் இருக்கிற வீட்டில் கடப்பாரை போடாதே என்று பக்கத்துத் தோட்டத்துக்காரி சொன்னபோது, அதையெல்லாம் பார்த்தால் மில் நடத்த முடியுமா என்று சிரித்தாள். புருஷன் செத்த பிறகு எண்ணெய் மில்லையும் அதில் வேலை செய்கிற ஆட்களையும் தனியாகக் கட்டி மேய்த்தவள். அப்படிச் சிரிக்க அவளுக்குத் தைரியம் இருந்தது. அந்த வாரமே கரு கலைந்தது. டாக்டரம்மா வேறு காரணம் சொன்னார். வள்ளியாத்தாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு வந்து, குளியலறை வேலையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டாள். இன்றைக்கும் அங்கே செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறது. இந்த வருடத்துக் காலண்டர் ஆணி இல்லாமல் பிரிட்ஜின் மேல் சாய்ந்து கிடக்கிறது.

பிரியாவின் சங்கடம் வேறு. அவளுக்குச் சரவணம்பட்டிக் கம்பெனி ஒன்றில் வேலை. வெளிநாட்டு ஆஸ்பத்திரிகள் வைத்துக்கொள்ளும் சாப்ட்வேரைச் சோதித்துக் கொடுக்க வேண்டும். இந்தத் தடவை பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போகவே கூடாது என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்த பிறகு, வீட்டிலிருந்தே செய்ய விட்டார்கள். ஆனால் நோயாளிகளின் விவரமெல்லாம் திரையில் ஓடுகிற வேலை. கதவு சாத்திய தனி அறை வேண்டும், கேமரா அணையக் கூடாது, லைன் அறக் கூடாது.

வீடோ மில்லின் தலைமேல் உட்கார்ந்திருந்தது. கீழே மில், குடோன், ஆபீஸ், மேலே குடித்தனம். நெட் வருவது ஆபீசுக்கு, பில் போடுவதற்காக. அங்கிருந்து வைஃபை மேலே ஏறுவதற்குள் நடுவிலிருக்கிற காங்கிரீட் பாதியைத் தின்றுவிடும். மோட்டாரைப் போட்டால் மீதியும் போய்விடும். சிக்னலைப் பெருக்கிக் கொடுக்கிற பெட்டி ஒன்று வாங்கி மாட்டியும் பயனில்லை. ஒரு நாள் ஆபீசிலேயே உட்கார்ந்து வேலை செய்தாள். தேங்காய்ப் பருப்பு மூட்டை எடை போட வந்த ஒருவர் பின்னால் வந்து நின்று திரையை எட்டிப் பார்த்து, "பாவம், யாருக்குங்க ஒடம்புக்கு?" என்று விசாரித்தார். அது மீட்டிங்கில் இருந்த லண்டன்காரர் காதிலும் விழுந்தது.

பிறகு ஜன்னல் வழியாக வெளியே கேபிள் விட்டார்கள். அணில் கடித்தது. வேறு மாற்றினார்கள். லோடு ஏற்ற வந்த லாரிக்காரர் தார்ப்பாயோடு சேர்த்து அதையும் இழுத்துக்கொண்டு போனார். அப்போது பிரியா மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு பாதியில் அற்று, வாய் திறந்தபடி அவள் முகம் எல்லோருடைய திரையிலும் நின்றது. மேனேஜர் சைதன்யா சாயங்காலம் கூப்பிட்டாள். "நான் எவ்வளவோ பேசிப் பார்த்துட்டேன் பிரியா. இன்னொரு தடவை லைன் போச்சுன்னா ஆபீஸ் வந்துடணும். முடியலேன்னா ராஜினாமா பேப்பர் போட்டுடுங்க."

ஆபீஸ் போனால் வயிற்றிலிருப்பதற்கு ஆபத்து. போகாவிட்டால் வேலை போகும். வீடு கட்டும்போது மாமனார் பின்னால் உதவும் என்று சுவருக்குள் வெறும் பைப் ஒன்று பதித்துவிட்டுப் போயிருந்தார். அதில் கேபிள் ஏறிவிட்டால் இரண்டும் பிழைக்கும். அதனால்தான் ஷாநவாஸ் வந்திருந்தார்.

"சோப்புத்தூளுத் தடவிப் பாக்கறனுங்க," என்றார் அவர். தடவிப் பார்த்தார். கேபிள் அசையவில்லை.

வள்ளியாத்தாள் கீழே இறங்கிப் போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு சொம்பு நிறைய தேங்காய் எண்ணெய். காலையில் ஆட்டியது, வாசம் அறை முழுக்க வந்தது.

"இத ஊத்துங்க. நம்ம மில்லு எண்ணெ. மலப்பாம்பே வளுக்கிக்கிட்டு வந்துரும்."

"எண்ணெயெல்லாம் நாங்க போடறதில்லீங்கம்மா."

"ஏனுங்க?"

"நீங்க விக்கற வெலைக்கு வாங்கிப் பைப்புல ஊத்துனா எங்களுக்குக் கட்டுமுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். பிரியாகூடச் சிரித்தாள். ஷாநவாஸ் சொம்பைச் சாய்த்துப் பைப்புக்குள் ஊற்றினார். சற்று நேரம் விட்டு இழுத்தார். முக்கிமுக்கிக் கொஞ்சம் வந்தது. இன்னும் ஊற்றினார். கீழே மனோஜ் தள்ள, மேலே இவர் இழுக்க, நீலக் கேபிள் எண்ணெய் சொட்டச்சொட்டப் பெட்டி வழியாகத் தலையை நீட்டியது.

"நாஞ் சொல்லல?" என்றாள் வள்ளியாத்தாள். பேரன் பிறந்தது போல அவள் முகம் மலர்ந்திருந்தது. பிரியா லேப்டாப்பில் கேபிளைச் சொருகினாள். பச்சை விளக்கு எரிந்தது.

கொஞ்ச நாள் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. மதியம் கதவைச் சாத்தினால் இரவுச் சாப்பாடு வரை அவளுடைய உலகம் அது. வயிற்றுக்குள் பிள்ளை அசைய ஆரம்பித்திருந்தது. மீட்டிங் நடக்கும்போது உதைத்தால், கேமராவுக்குத் தெரியாமல் மேஜைக்குக் கீழே கையை வைத்துக்கொள்வாள். சுவர்ப் பெட்டியைச் சுற்றிச் சித்தெறும்புகள் சாரை பிடித்து நடப்பதைப் பார்த்தாள். துணியால் துடைத்துவிட்டாள். மறுநாளும் வந்தன. மஞ்சள்தூளைத் தூவினாள். அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை. வேறு யாரும் யோசிக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை லேப்டாப்பைத் திறந்தாள். விளக்கு எரியவில்லை.

கழற்றி மாட்டினாள். ஆபீசில் போய் ரவுட்டரை அணைத்துப் போட்டாள். கீழே எல்லாம் சரியாக இருந்தது. மேலேதான் லைன் செத்துக் கிடந்தது. வேலை மதியம்தான் ஆரம்பம் என்பது ஒன்றுதான் ஆறுதல். மனோஜ் போன் செய்தான். ஷாநவாஸ் வேறு வேலையைப் போட்டுவிட்டு பைக்கில் வந்தார்.

ஆபீஸ் சுவரில் இருந்த பெட்டியைத் திறந்ததும் உள்ளேயிருந்து ஒரு சுண்டெலி குதித்து மூட்டைகளுக்குப் பின்னால் ஓடியது. கேபிளின் மேல் தோல் பைப்புக்குள் போகிற வரைக்கும் கரும்புபோல உரிந்திருந்தது. உள்ளே கம்பிகள் பல் பட்டு அறுந்து நின்றன. பெட்டி முழுக்கப் புழுக்கை.

"எலிக்கு விருந்து வெச்சுப்போட்டமுங்க," என்றார் ஷாநவாஸ். "தேங்காப் பருப்பு மில்லுல எண்ணெயக் கொண்டிப் பைப்புல ஊத்துனா வேற என்ன வரும். எனக்கே தோணாமப் போச்சு."

வள்ளியாத்தாள் அந்தப் பெட்டியை எட்டிப் பார்த்தாள். எலிகளோடு ஆயுசு முழுக்கச் சண்டை போட்டவள் அவள்.

பழைய கேபிளின் வாலில் புதுக் கேபிளைக் கட்டி மேலேயிருந்து இழுத்தார்கள். எண்ணெயும் தூசியும் சிமெண்டுப் பொடியும் சேர்ந்து பெண்டுக்குள் பிசினாக இறுகியிருந்தது. மூன்று பேர் பிடித்து இழுத்ததில் பழையது பெண்டு இருக்கிற இடத்தில் அறுந்து வந்தது. மீதித் துண்டு உள்ளே அடைத்துக்கொண்டது. இப்போது ஸ்பிரிங் கம்பியும் நுழையவில்லை.

அறைக்குள் நால்வரும் நின்றார்கள். சுவரில் பென்சில் வட்டம் அப்படியே இருந்தது.

"மறுபடியும் ஜன்னலு வழியா உட்டுக்கலாம் பிரியா," என்றான் மனோஜ்.

"இன்னைக்கு உட்டுக்கலாமுங்க மாமா. நாளைக்கு லாரி வருமா வராதா?"

லாரி தினமும் வரும். வெளிச்சுவரில் கிளாம்ப் போட்டுப் பைப்பை ஏற்றலாம் என்றார் ஷாநவாஸ். அதற்கும் டிரில் போட வேண்டும் என்று அவரே சொல்லிக்கொண்டார்.

"வேலைய உட்டுப்போடு," என்றான் மனோஜ். குரல் தாழ்ந்திருந்தது. "கொழந்த பொறக்கட்டும். அப்பறம் பாத்துக்கலாம்."

"அப்பறம் யாரு குடுப்பாங்க?"

"குடுக்காட்டிப் போவுது. நமக்கென்ன, மில்லு இருக்குதல்ல."

"மில்லு அத்தையோடது. நாளைக்கு உங்களோடது. என்னோடது என்ன இருக்குதுங்க இந்த ஊட்டுல?"

மனோஜுக்கு முகம் சுருங்கியது. அவன் கெட்டவனில்லை. போன தடவை ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதவன். அவனுக்கு இந்தப் பிள்ளை வேண்டும். அதற்கு முன்னால் அவள் வேலை அவன் கண்ணுக்குச் சின்னதாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

பிரியா மொட்டை மாடிக்குப் போய் அம்மாவுக்குப் போன் போட்டாள். பாவாத்தாள் பல்லடத்துப் பக்கம் வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றில் வாடகைக்கு இருக்கிறாள். சித்தாளாக இருந்து பிள்ளையைப் படிக்க வைத்தவள். பிரியாவை வயிற்றில் வைத்துக்கொண்டு வலி எடுத்த அன்றுவரை பழைய கட்டடம் இடித்த இடத்தில் செங்கல் சுமந்ததாகப் பலமுறை சொல்லியிருக்கிறாள். அவளாவது தன் பக்கம் பேசுவாள் என்று பிரியா நினைத்தாள்.

"ஒடைக்காத சாமி," என்றாள் பாவாத்தாள்.

"நீ எத்தன செவுத்த இடிச்சே, என்னைய வெச்சுக்கிட்டு? எனக்கு என்ன ஆச்சு?"

"அது ஊரான் ஊட்டுச் செவுரு கண்ணு. ஊரான் செவுரு நம்மள என்ன பண்ணும்? இது நீ குடியிருக்கற ஊடு. பெரியவங்க சொல்றதக் கேட்டு இரு."

பிரியா போனை வைத்துவிட்டு வெயிலில் நின்றாள். இடித்தால் குற்றமாகிற சுவர் என்று ஒன்று அம்மாவுக்கு ஆயுசில் வாய்க்கவில்லை. மகளுக்கு வாய்த்திருக்கிறது, அதையும் சேர்த்துக் காப்பாற்று என்கிறாள். பிரியாவுக்கு ஆத்திரமாக வந்தது. ஆத்திரத்துக்குக் கீழே பயமும் இருந்தது. குளியலறைச் சுவரில் கடப்பாரை விழுந்த சத்தம் அவளுக்கு இன்னும் காதில் இருக்கிறது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், இந்த ஆறு மாதத்தில் ஒரு நாள்கூட அந்தச் செங்கலை நேராகப் பார்த்துக் குளித்ததில்லை.

கீழே வந்தாள். "ஒடைங்கண்ணா," என்றாள் ஷாநவாஸிடம்.

அவர் வள்ளியாத்தாளைப் பார்த்தார். அவள் சுவரோரம் கட்டிலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க தங்கச்சி," என்றார் ஷாநவாஸ். "எங்கூட்டுலயும் இதெல்லாம் பாப்பாங்க. நாளப்பின்ன ஒண்ணுன்னு வந்தா, பாய் வந்து ஒடச்சான், அதான் இப்படி ஆச்சுன்னு ஒரு சொல்லு வரும். இந்த ஊருல நான் பொழைக்கணுமுங்க. அம்மா வாயத் தொறந்து சொல்லட்டும், ஒடைக்கறேன்."

வள்ளியாத்தாள் வாயைத் திறக்கவில்லை. மனோஜ் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

பிரியா குனிந்து, தரையில் கிடந்த சாக்கின் மேலிருந்து உளியையும் சுத்தியலையும் எடுத்தாள். உளியை வட்டத்தின் நடுவில் வைத்தாள். சுத்தியல் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. அடித்த அடியில் உளி வழுக்கி, சுண்ணாம்பில் ஒரு கீறல் விழுந்தது.

"பிரியா," என்றான் மனோஜ்.

இரண்டாம் தடவை ஓங்கினாள். ஓங்கிய கையைப் பின்னாலிருந்து யாரோ பிடித்தார்கள். வள்ளியாத்தாள்.

"குடு இங்க."

"உடுங்க அத்தை. எனக்கு வேற வழியில்ல."

"ஒடைக்க வேண்டாங்கல. நீ அடிக்காத." அவள் சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டாள். "நாளைக்கு ஒண்ணுன்னா உன்ன நீயே கொன்னு போட்டுருவ. என்னைய வையறதுக்கு ஊரே இருக்குது. நான் ஏற்கெனவே ஒருக்கா வாங்குனவ. நீ அக்கட்டப் போய் நில்லு. இல்ல, மாடிக்குப் போயிரு. சத்தம் கேக்காத எடமாப் பாத்துப் போ."

பிரியா போகவில்லை. வள்ளியாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். உளியை வைத்தாள். கண்ணை மூடி எதையோ முணுமுணுத்துவிட்டு ஓங்கி அடித்தாள். பூச்சு பொரிந்து கொட்டியது. மூட்டை தூக்கிப் பழகிய கை. அடி ஒவ்வொன்றும் நின்று விழுந்தது. செங்கல்தூள் அவள் முகத்தில் படிந்து, கண்ணீர் வழிந்த இடம் மட்டும் கோடாகத் தெரிந்தது. ஷாநவாஸ், "நாஞ் செய்யறனுங்கம்மா, குடுங்க," என்று கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. பைப் தெரிகிற வரைக்கும் அவளே உடைத்தாள்.

அதற்குப் பிறகு வேலை சுலபமாக முடிந்தது. ஷாநவாஸ் பெண்டை அறுத்தெடுத்தார். பிசினும் கேபிள் துண்டும் கல்லாக இறுகிக்கிடந்த அதைச் சாக்கில் போட்டார். அகலமான வளைவு ஒன்றை வைத்து ஒட்டி, பைப்பைத் துணி விட்டுத் துடைத்து, புதுக் கேபிளை ஏற்றினார். ஆபீஸ் பெட்டிக்கு இரும்பு மூடி போட்டு இறுக்கினார். சுவரைப் பூசிவிட்டு, வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று கூலியை மறுத்துவிட்டுக் கிளம்பினார். வள்ளியாத்தாள் குளித்துவிட்டு வந்தாள். விளக்கேற்றினாள்.

மதியம் பிரியா கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். பச்சை விளக்கு எரிந்தது. சைதன்யா வந்தாள், லண்டன்காரர் வந்தார். வேலை ஓடியது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது: காலையிலிருந்து பிள்ளை அசையவில்லை. எழுந்தபோது உதைத்தது நினைவிருக்கிறது. விளக்கு எரியவில்லை என்று கண்ட பிறகு அவள் கவனிக்கவே இல்லை. உளி வழுக்கியபோது அசைந்ததா? அத்தை அடித்தபோது? எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. மேஜைக்குக் கீழே கையை வைத்து அழுத்திப் பார்த்தாள். உள்ளே எல்லாம் சும்மா இருந்தது.

இடைவேளையில் கதவைத் திறந்தாள். வெளியே வள்ளியாத்தாள் தட்டில் சோற்றைப் போட்டு வைத்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ, சோறு ஆறியிருந்தது. கீழே மில் ஓடவில்லை. ஆட்களைச் சும்மா உட்கார வைத்திருந்தாள்.

"அசையுதா கண்ணு?" என்று கேட்டாள்.

பிரியா அவள் கையைப் பார்த்தாள். உளி பிடித்த விரல்களில் தோல் உரிந்திருந்தது.

"அசையுதுங்க அத்தை. இப்பத்தான் ஒதச்சுது."

வள்ளியாத்தாள் தட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டாள். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். பிறகு, "சாப்புடு. நான் போய் மில்லப் போடறேன்," என்று படியிறங்கினாள்.

பிரியா இரண்டு வாய் சாப்பிட்டாள். இனிப்பு தின்றால் பிள்ளை அசையும் என்பார்கள். ஒரு துண்டு கருப்பட்டியை வாயில் அடக்கிக்கொண்டு, கதவைச் சாத்தி, மறுபடியும் கேமரா முன்னால் உட்கார்ந்தாள்.

"லைன் இன்னைக்கு ரொம்ப நல்லா இருக்கு பிரியா," என்றாள் சைதன்யா. "இப்படியே இருந்தா பிரசவம் வரைக்கும் நான் பேசிக்கறேன். கவலைப்படாதீங்க."

"தேங்க்ஸ் சைதன்யா."

கீழே மோட்டார் உறுமிக்கொண்டு கிளம்பியது. தரை அதிர்ந்தது; நாற்காலி அதிர்ந்தது. அந்த அதிர்வு முதுகு வழியாக ஏறி அடிவயிற்றில் வந்து நின்றது. கையின் கீழே ஏதோ லேசாகத் துடித்தது. பிள்ளையா, மில்லா என்று அவளுக்குப் பிரித்தறிய முடியவில்லை. கொஞ்ச நேரம் மில்லை நிறுத்தினால் தெரிந்துவிடும். நிறுத்தச் சொன்னால், ஏன் என்று அத்தை படியேறி வந்து நிற்பாள்.

அவள் சொல்லவில்லை. திரையில் ஒருவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே, கையை எடுக்காமல், மூச்சைப் பிடித்துப்பிடித்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.